அக்ரோ, கன்ட்ரோல், காம்போ: இந்த வட்டத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: 2025 பிப்ரவரி 9

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டை அரீனா செயலியில் சில மாதங்களாக ஆடிவருகிறேன். டெக் (ஆட்டக்காரர் கட்டிவரும் கார்டுக் கட்டு) வகைகளைப் பற்றி எங்கே படித்தாலும், அக்ரோ (வேகமாகத் தாக்குவது) கன்ட்ரோலை (தடுத்து ஆட்டத்தை நீட்டுவது) வெல்லும், கன்ட்ரோல் காம்போவை (கார்டுகளைப் பிணைத்து ஒரேயடியாக முடிப்பது) வெல்லும், காம்போ அக்ரோவை வெல்லும் என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். நான் ஆடுவது சிவப்பு அக்ரோ டெக். வட்டத்தின்படி கன்ட்ரோல் டெக்குகள் எனக்கு எளிதாக இருக்க வேண்டும், ஆனால் வெள்ளை நீலக் கன்ட்ரோலிடம்தான் நான் அதிகமாகத் தோற்கிறேன். வட்டம் தவறா, என் ஆட்டம் தவறா?

2025 பிப்ரவரி 10

வட்டத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த உண்மை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் எந்த இடத்தில் அதைக் கைவிட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மேஜிக் 1993இல் வெளிவந்தது. 1990களின் நடுவில் பிரையன் வைஸ்மன் ஆடிய கன்ட்ரோல் டெக்கை இன்றும் 'தி டெக்' என்ற பெயரிலேயே அறிகிறோம். அதில் ஆட்டத்தை முடிக்க இருந்தவை செரா ஏஞ்சல் என்ற கிரீச்சர் (களத்தில் நின்று தாக்கவும் தடுக்கவும் கூடிய கார்டு) இரண்டு. மற்றவை பெரும்பாலும் எதிரி வைப்பதைத் தடுக்கவும், அழிக்கவும், கூடுதலாகக் கார்டு எடுக்கவும் இருந்தவை. கிரீச்சர்கள் இவ்வளவு குறைவாக இருந்ததால், கிரீச்சரைக் கொல்வதற்கென்று எதிரி டெக்கில் சேர்த்திருந்த கார்டுகள் அவர் கையிலேயே பயனற்றுத் தேங்கின. அப்படித் தேங்கும் ஒவ்வொரு கார்டும் வைஸ்மனுக்கு ஒரு கார்டு லாபம். கார்டு எண்ணிக்கைதான் ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கு என்ற எண்ணம் அந்த டெக்கால் பரவியது.

1996இல் அட்லாண்டாவில் நடந்த புரோ டூர் (தொழில்முறைப் போட்டித் தொடர்) தகுதிப் போட்டியில் பால் ஸ்லை ஒரு சிவப்பு டெக்கை ஆடினார். அதை வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். தனியாக எடுத்துப் பார்த்தால் யாரும் மதிக்காத அயர்ன்கிளா ஆர்க்ஸ் போன்ற கார்டுகள் அதில் இருந்தன. ஆனால் ஆடுபவரின் முதல் முறையில் 1 மானா (லேண்ட் கார்டுகள் தருவது, மற்றக் கார்டுகளை ஆடச் செலவாவது), இரண்டாம் முறையில் 2 மானா என்று, கிடைக்கும் மானா ஒவ்வொரு முறையும் முழுதாகச் செலவாகும்படி அவை அடுக்கப்பட்டிருந்தன. மானா கர்வ் என்று இன்று சொல்வதை விளையாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த டெக். எதிரி கையில் ஐந்து நல்ல கார்டுகளை வைத்துக்கொண்டே செத்தால், அந்த ஐந்து கார்டு லாபத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

1998 இலையுதிர் காலத்தில் அர்சாஸ் சாகா வந்ததும், எதிரி என்ன செய்கிறார் என்பதைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் தன் கார்டுகளை ஒன்றோடொன்று பிணைத்து ஒரே முறையில் ஆட்டத்தை முடிக்கும் டெக்குகள் பெருகின. அந்த ஆண்டு ரோமில் நடந்த புரோ டூரை டோமி ஹோவி வென்றது டோலேரியன் அகாடமியை மையமாகக் கொண்ட அத்தகைய காம்போ டெக்கால்தான்.

ஆக, ஒருவர் கார்டைக் கணக்கிட்டார், ஒருவர் மானாவைக் கணக்கிட்டார், மூன்றாமவர் எதிரியையே கணக்கில் எடுக்கவில்லை. இந்த மூன்றையும் பின்னாளில் ஒரே படத்தில் வைத்து அம்புக்குறி போட்டபோது வட்டம் உருவானது. வரலாற்றுப் படமாக அது சரி. இன்று மாலை நீங்கள் ஆடப்போகும் ஆட்டத்தில் எந்தக் கார்டை எப்போது வைப்பது என்று அது சொல்லாது.

2025 பிப்ரவரி 10, இரவு

மேலே உள்ளதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 'வெல்லும்' என்ற சொல்லைப் பார்த்து நூற்றுக்கு நூறு என்று எண்ணிவிடக் கூடாது. 60க்கு 40 என்பதையே நாங்கள் 'நல்ல மேட்ச்சப்' என்போம். 70க்கு 30 அமைந்தால் அது மிகப் பெரிய சாதகம். 60க்கு 40 என்றால்கூடப் பத்தில் நான்கு தோல்வி உண்டு. கணக்கிற்காக ஒரு போட்டியைக் கற்பனை செய்வோம்: வந்தவர்களில் பாதிப் பேர் உங்களுக்குச் சாதகமான டெக்கையும் (60%), 30 விழுக்காட்டினர் பாதகமான டெக்கையும் (40%), மீதி 20 விழுக்காட்டினர் சமமான டெக்கையும் வைத்திருக்கிறார்கள். உங்கள் மொத்த வெற்றி வாய்ப்பு 30, 12, 10 சேர்ந்து 52 விழுக்காடு. வட்டத்தைச் சரியாகப் படித்து, கூட்டத்தையும் சரியாகக் கணித்துக் கிடைத்த லாபம் அவ்வளவுதான். டெக்கை நன்றாக ஆடத் தெரிவதால் கிடைப்பது பெரும்பாலும் இதைவிட அதிகம்.

2025 பிப்ரவரி 12

வட்டத்துக்குப் பதிலாக எதை வைத்துச் சிந்திப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என் விடை பழையது, ஆனால் அதைவிடச் சிறந்த ஒன்று இதுவரை வரவில்லை என்று உறுதியாக நம்புகிறேன். 1999இல் மைக் ஃப்ளோரஸ் தி டோஜோ இணையதளத்தில் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ஒத்த டெக்குகள் இரண்டு மோதும்போது ஒருவர் தாக்குபவராகவும் மற்றவர் தடுப்பவராகவும் இருந்தே ஆக வேண்டும், தன் பங்கு எது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டவர் தோற்பார்.

இதை மிகத் துல்லியமாகப் பார்க்கக்கூடிய இடம், மாடர்ன் ஃபார்மட்டில் (எந்தக் கார்டுகள் செல்லும் என்று வரையறுக்கும் போட்டி வகைகளில் ஒன்று) பல ஆண்டுகள் ஓடிய, எதிரியின் உயிரை நேரடியாகக் குறைக்கும் கார்டுகள் நிறைந்த பர்ன் டெக் தன்னைப் போன்ற இன்னொரு பர்ன் டெக்கைச் சந்திக்கும் ஆட்டம். இரண்டு பேரிடமும் ஏறத்தாழ அதே 60 கார்டுகள், இரண்டு பேருக்கும் 20 உயிர். முதலில் ஆடுபவர் ஒரு லேண்டை வைத்து, ஒரு சிவப்பு மானாவுக்குக் காப்ளின் கைடு என்ற கிரீச்சரை இறக்குகிறார். அது 2/2 (பலம் 2, தாங்கும் சேதம் 2), வந்த முறையிலேயே தாக்கும். உங்கள் உயிர் 18. இப்போது உங்கள் முதல் முறை. கையில் 3 சேதம் தரும் லைட்னிங் போல்ட் ஒன்று, உங்களுடைய காப்ளின் கைடு ஒன்று, மற்றவை லேண்டும், எதிரிக்கு 3 சேதம் தரும் லாவா ஸ்பைக்கும். செலவிட ஒரே ஒரு மானா இருக்கிறது.

உங்கள் கைடை இறக்கித் தாக்க வேண்டும் என்றுதான் கை பரபரக்கும். நாம் அக்ரோ டெக், அக்ரோ தாக்கும் என்று மனம் சொல்லும். அங்கே கொஞ்சம் நிறுத்தி எண்ணிப் பாருங்கள். இரண்டு டெக்கும் ஒரே வேகம் கொண்டவை. நான்காம் முறையில் ஆட்டத்தை முடிக்கக்கூடியவை. முதலில் தொடங்கியவருக்கு நான்காம் முறை உங்களுக்கு முன்பே வரும். அதாவது வெறும் ஓட்டப்பந்தயமாக இருந்தால் உங்களுக்கு மூன்று முறைகள்தான், அவருக்கு நான்கு. பந்தயத்தில் நீங்கள் ஏற்கெனவே தோற்றுவிட்டீர்கள். எனவே இந்த ஆட்டத்தில் நீங்கள்தான் கன்ட்ரோல். அவருடைய கைடை விட்டுவிட்டால் இரண்டு, மூன்று, நான்காம் முறைகளில் அது இன்னும் 6 உயிரை எடுக்கும். ஒரே மானாவில் போல்ட்டை அவர் முகத்தில் போட்டு 3 உயிர் எடுப்பதா, கைடின் மீது போட்டு 6 உயிரைக் காப்பதா? கைடைக் கொல்வதே சரி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. காப்ளின் கைடு தாக்கும் ஒவ்வொரு முறையும் தாக்கப்படுபவர் தன் டெக்கின் மேல் கார்டைத் திறந்து காட்டுவார். அது லேண்டாக இருந்தால் இலவசமாகக் கைக்கு வரும். 20 லேண்ட் உள்ள டெக்கில் அது மூன்றில் ஒரு வாய்ப்பு. ஆட்டம் நான்காம் முறையில் முடிந்தால் அந்த லேண்டால் பயனில்லை. ஆட்டம் ஏழாம் முறை வரை நீண்டால் அது ஒரு முழுக் கார்டு. தாக்குபவர் தன் அவசரத்துக்குக் கொடுக்கும் விலை, ஆட்டத்தை நீட்ட வந்தவரிடம் போய்ச் சேருகிறது. டெக் ஒன்றேதான், கார்டும் ஒன்றேதான். இரண்டு நாற்காலிகளில் அதற்கு இரண்டு மதிப்பு.

2025 பிப்ரவரி 13

'அப்படியானால் பின்னால் ஆடுபவர் எப்போதும் கிரீச்சரையே கொல்ல வேண்டுமா?' என்று ஒருவர் எதிர்க்கேள்வி போட்டிருக்கிறார். இல்லை. பங்கு என்பது ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு கடைசிவரை நீங்காமல் இருப்பதன்று. மேற்சொன்ன ஆட்டம் ஐந்தாம் முறையை எட்டி, எதிரியின் உயிர் 6 ஆகி, உங்கள் கையில் போல்ட்டும் லாவா ஸ்பைக்கும் இருந்து, அவர் இன்னொரு கைடை இறக்கினால், நீங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. இரண்டும் முகத்துக்கு, ஆட்டம் முடிந்தது. தடுப்பவர் தாக்குபவராக மாறும் அந்த முறையை அடையாளம் காண்பதுதான் கடினம். நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு முறையும் தங்களைக் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இனிமேல் இருவரும் கார்டு எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் வெல்வது யார்? நான் என்றால் அவசரம் வேண்டாம், அவருடைய ஆபத்தான கார்டுகளை மட்டும் தடுத்தால் போதும். அவர் என்றால் நான் இப்போதே ஓட வேண்டும்.

2025 பிப்ரவரி 16

மிட்ரேஞ்ச் (அக்ரோவுக்கும் கன்ட்ரோலுக்கும் இடைப்பட்ட) டெக்குகளுக்கு வட்டத்தில் இடமே இல்லையே என்ற கேள்விக்கு வருகிறேன். நான் மாடர்னில் அதிகமாக ஆடியது ஜண்ட் என்ற மிட்ரேஞ்ச் டெக் என்பதால் இதில் எனக்குச் சொந்த ஈடுபாடு உண்டு.

கருப்பு, சிவப்பு, பச்சை மூன்றும் சேர்ந்த டெக் அது. தாட்சீஸ், இன்குவிசிஷன் ஆஃப் கோசிலெக் என்ற ஒரு மானா கார்டுகளால் எதிரியின் கையைப் பார்த்து ஒன்றைப் பிடுங்குவது, டார்மகாய்ஃப் என்ற கிரீச்சரை இறக்கித் தாக்குவது, லிலியானா ஆஃப் தி வெயிலை வைத்து அழுத்துவது என்று போகும். இந்த டெக் தாக்குமா, தடுக்குமா? எதிரே பர்ன் இருந்தால் ஜண்ட்தான் கன்ட்ரோல். அப்போது தாட்சீஸ் போட்டால் நமக்குப் போகும் 2 உயிரே உறுத்தும். இரண்டாம் ஆட்டத்துக்கு அதில் சிலவற்றை வெளியே எடுத்துவிடுவேன். டார்மகாய்ஃப் தாக்குவதற்குப் பதிலாகத் தடுத்து நிற்கும்.

எதிரே டிரான் என்ற டெக் இருந்தால் கதையே வேறு. அர்சாவின் பெயர் கொண்ட மைன், பவர் பிளான்ட், டவர் மூன்றும் களத்தில் சேர்ந்தால் மூன்றாம் முறையிலேயே 7 மானா. கார்ன் லிபரேட்டட் என்ற வலிமையான கார்டு வந்து உட்கார்ந்துவிடும். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் டிரானின் ஒரு கார்டு ஜண்டின் இரண்டு கார்டுகளை விழுங்கும். நீண்ட ஆட்டத்தில் ஜண்டுக்கு வழியே இல்லை, ஆகவே தாக்குவது ஜண்டின் வேலை. முதல் முறையில் தாட்சீஸ், இரண்டாம் முறையில் டார்மகாய்ஃப், அதன்பின் ஒவ்வொரு முறையும் தாக்குதல்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரில் கடை மேசைகளில் ஆடும்போது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி இது: டிரானுக்கு எதிராக ஜண்ட் ஆடும் ஒருவர் லேண்ட் மூன்று, கிரீச்சரைக் கொல்லும் கார்டு மூன்று, லிலியானா ஒன்று என்ற கையை 'நல்ல சமநிலையான கை' என்று வைத்துக்கொள்வார். கொல்ல அங்கே கிரீச்சரே வராது. அந்தக் கை பர்னுக்கு எதிராக அழகானது. டிரானுக்கு எதிராக வெறும் நான்கு கார்டுதான். எதிரில் யார் என்று தெரியாமல் ஒரு கையை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது என்பதை நான் கற்றுக்கொண்டது இந்த மேட்ச்சப்பில்தான்.

எனவே மிட்ரேஞ்ச் என்பதை 'நடுத்தர வேகம்' என்று விளக்குவது போதாது. பங்கை மாற்றிக்கொள்ளும் திறனையே முதன்மையாக வைத்துக் கட்டிய டெக் என்று சொல்வதே பொருத்தம். பங்கு எது என்று தெரியாதவர் கையில் அது மிகச் சாதாரண டெக்.

2025 பிப்ரவரி 17

காம்போவைப் பற்றி. காம்போ என்றாலே கண்ணை மூடிக்கொண்டு தன் வேலையை மட்டும் செய்யும் டெக் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். முன்பு சொன்ன டோலேரியன் அகாடமி டெக்குக்கு அது பொருந்தும். ஸ்ப்ளின்டர் ட்வின்னுக்குப் பொருந்தவே பொருந்தாது, அந்த டெக்கைப் பற்றி ஒரு முழுக் குறிப்பு எழுதாமல் இந்த இழையை விட எனக்கு மனமில்லை.

செயல்பாடு எளிது. எதிரியின் மூன்றாம் முறையின் முடிவில் டிசீவர் எக்ஸார்க்கை இறக்குகிறீர்கள். எதிரியின் முறையிலேயே இறக்கக்கூடிய 1/4 கிரீச்சர் அது, லைட்னிங் போல்ட்டுக்குச் சாகாது. உங்கள் நான்காம் முறையில் அதன்மேல் ஸ்ப்ளின்டர் ட்வின்னைப் போடுகிறீர்கள். எக்ஸார்க்கை டேப் செய்தால் (பயன்படுத்தியதற்கு அடையாளமாகச் சாய்த்து வைத்தால்) அதன் நகல் ஒன்று வரும், அந்த நகல் வந்த வேகத்தில் மூல எக்ஸார்க்கை மீண்டும் நிமிர்த்தும், மீண்டும் டேப், மீண்டும் நகல். எவ்வளவு வேண்டுமானாலும் நகல், அனைத்தும் அதே முறையில் தாக்கும். ஆட்டம் முடிந்தது.

ஆனால் இந்த டெக்கை எதிர்த்து ஆடியவர்களுக்குத் தெரியும்: பாதி ஆட்டங்களில் அந்தச் சங்கிலி நிகழவே வேண்டியதில்லை. மூன்றாம் முறையிலிருந்து நீங்கள் ஒவ்வொரு முறையும் இரண்டு மானாவைச் செலவிடாமல், பதில் வைத்திருக்கிறேன் என்று காத்திருக்க வேண்டும். டிசீவர் எக்ஸார்க் வராவிட்டாலும் காத்திருக்க வேண்டும். நான்கு லேண்ட் இருந்தும் இரண்டு லேண்டுக்குரிய ஆட்டத்தை நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது, அவர் ஸ்னாப்காஸ்டர் மேஜ் என்ற கிரீச்சரையும் போல்ட்டையும் வைத்து நிதானமாக உங்களைத் தேய்த்துவிடுவார். இரண்டாம் ஆட்டத்தில் நீங்கள் காம்போவைத் தடுக்கும் கார்டுகளைச் சேர்ப்பீர்கள். அவர் காம்போ கார்டுகளில் பாதியை வெளியே எடுத்துவிட்டுக் கன்ட்ரோலாக வந்து உட்காருவார். நீங்கள் சேர்த்த கார்டுகள் தேங்கும். வைஸ்மன் செய்ததே வேறு உருவத்தில் திரும்பியது.

2016 ஜனவரியில் மாடர்னில் ஸ்ப்ளின்டர் ட்வின் தடை செய்யப்பட்டது. 2024 டிசம்பரில் தடை நீங்கியது. திரும்பி வந்த டெக் பழைய ஆதிக்கத்தைப் பிடிக்கவில்லை, அதற்கு நான் காணும் காரணம் இந்த விவாதத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. 2021இல் வந்த மாடர்ன் ஹொரைசன்ஸ் 2 தொகுப்பின் சாலிட்யூட் போன்ற கார்டுகளை, கையிலிருந்து இன்னொரு வெள்ளைக் கார்டைக் கொடுத்துவிட்டு, ஒரு மானாகூடச் செலவிடாமல் பயன்படுத்தலாம். எல்லா லேண்டையும் டேப் செய்துவிட்டு அமர்ந்திருப்பவரும் இன்று எக்ஸார்க்கை அகற்ற முடியும். காத்திருக்க வேண்டிய கட்டாயம் போனதும் ட்வின்னின் உண்மையான ஆயுதம் போய்விட்டது. கார்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை, அதைச் சுற்றி நின்ற ஆட்டம் மாறிவிட்டது.

2025 பிப்ரவரி 18

சிறு குறிப்பு. டெம்போ வகை வட்டத்தில் எங்கே என்று கேட்டவருக்கு: லெகசி ஃபார்மட்டின் டெல்வர் டெக்கைப் பாருங்கள். முதல் முறையில் டெல்வர் ஆஃப் சீக்ரெட்ஸ் என்ற ஒரு மானா கிரீச்சர், அதன்பின் டேஸ், ஃபோர்ஸ் ஆஃப் வில், வேஸ்ட்லேண்ட் என்று எதிரியை ஒரு முறை, இரண்டு முறை பின்தள்ளும் கார்டுகள். டேஸ் இலவசம், உங்கள் தீவு ஒன்றைக் கைக்கு எடுத்துக்கொண்டால் போதும், எதிரி கூடுதலாக 1 மானா கட்டாவிட்டால் அவர் ஆடிய கார்டு செல்லாமல் போகும். இரண்டாம் முறையில் அது மிக வலிமையான கார்டு, எட்டாம் முறையில் வெறும் காகிதம். டெம்போ டெக் கட்டுபவர் எட்டாம் முறை வராது என்று பந்தயம் கட்டுகிறார். கார்டுகளைப் பார்த்தால் கன்ட்ரோல் போலத் தெரியும். காலத்தைப் பார்த்தால் அக்ரோ.

2025 பிப்ரவரி 23

இதுவரை எழுதியதில் கையில் வரும் கார்டுகள் நினைத்தபடி வருவதாகவே பேசிவிட்டோம். எண்களையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் டெக் வகைகள் ஏன் இப்படி உருவெடுத்தன என்பதற்கு இவையும் காரணம்.

60 கார்டு டெக்கில் ஒரு கார்டு நான்கு இருந்தால், தொடக்கத்தில் எடுக்கும் 7 கார்டுகளில் குறைந்தது ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40%. முதலில் ஆடி நான்காம் முறைக்குள் பார்க்கும் வாய்ப்பு 53% அளவில்தான். ஒரே ஒரு கார்டை நம்பிய திட்டம் ஏறத்தாழ பாதி ஆட்டங்களில் நேரத்துக்கு வராது. எனவேதான் அக்ரோ டெக் ஒரே வேலையைச் செய்யும் எட்டு, பன்னிரண்டு, பதினாறு கார்டுகளை அடுக்குகிறது. கன்ட்ரோல் கூடுதலாகக் கார்டு எடுக்கிறது. காம்போ டெக் தேடிக் கொண்டுவரும் கார்டுகளை நிரப்புகிறது. மூன்று வகைகளும் ஒரே சிக்கலுக்கான மூன்று பதில்கள். அந்தக் கோணத்தில் பார்த்தால் அவை எதிரிகளைவிட உறவினர்களாகவே எனக்குத் தெரிகின்றன.

அரீனாவில் ஒற்றை ஆட்டமாக ஆடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முறையில் தொடக்கக் கையை மென்பொருளே சற்றுச் சீராக்கிக் கொடுக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கைகளைக் கலைத்துப் பார்த்து, லேண்ட் விகிதம் டெக்கின் விகிதத்துக்கு அருகில் உள்ளதைப் பெரும்பாலும் தருகிறது. குறைந்த லேண்டோடு ஓடும் அக்ரோ டெக்குகளுக்கு இது சாதகம். அதோடு, சைட்போர்டும் (ஆட்டங்களுக்கு இடையில் டெக்கில் மாற்றிச் சேர்க்கும் கூடுதல் கார்டுகள்) இல்லை. மூன்று ஆட்டப் போட்டியில் முதல் ஆட்டம் மட்டுமே சைட்போர்டுக்கு முந்தையது, இரண்டாவது எப்போதும் பிந்தையது, மூன்றாவது நடந்தால் அதுவும் பிந்தையது. ஆகவே ஆடப்படும் ஆட்டங்களில் குறைந்தது பாதி சைட்போர்டுக்குப் பிறகானவை. முதல் 60 கார்டுகளை வைத்து ஒரு டெக்குக்குப் பெயர் சூட்டுபவர் அந்தப் பாதியைப் பார்க்காமலேயே பெயர் சூட்டுகிறார்.

2025 மார்ச் 1

யு-கி-ஓ என்ற மற்றொரு கார்டு விளையாட்டை ஆடுபவர் ஒருவர், அங்கே இந்தப் பிரிவுகள் எடுபடுவதில்லை என்று எழுதியிருந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அங்கே மானா கிடையாது; முதல் முறையிலேயே கையிலுள்ள பெரும்பாலானவற்றைப் பயன்படுத்தலாம். காலம் மானாவாக வந்து சேராத ஆட்டத்தில் 'முன்னால் வலிமை, பின்னால் வலிமை' என்ற வேறுபாடு மங்கிப்போகும். முதலில் ஆடுபவர் தடைகளைக் கட்டுவார், இரண்டாமவர் அவற்றை உடைப்பார் என்று பங்கு ஆடும் வரிசையாலேயே தீர்மானமாகிறது. எதிரியின் முறையிலேயே கையிலிருந்து போடக்கூடிய ஹேண்ட் டிராப் கார்டுகள் அதனால்தான் அங்கே இவ்வளவு முக்கியம். 40 கார்டு டெக்கில் மூன்று வைத்தால் தொடக்கத்தின் 5 கார்டுகளில் அது வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு. எனவே ஒரே வேலைக்கு வெவ்வேறு பெயருள்ள கார்டுகளை அடுக்குகிறார்கள். பங்கைப் பற்றிய கேள்வி அங்கேயும் இருக்கிறது, அதைத் தீர்மானிப்பது வேறொன்று.

மேஜிக்கிலேயே எந்தப் பெட்டியிலும் அடங்காதது வேண்டுமென்றால் லாண்டர்ன் கன்ட்ரோலைப் பாருங்கள். லாண்டர்ன் ஆஃப் இன்சைட் இருந்தால் இருவரின் டெக்கிலும் மேல் கார்டு திறந்தே இருக்கும். எதிரி எடுக்கப்போகும் கார்டு ஆபத்தானது என்றால் கோடெக்ஸ் ஷ்ரெடரால் அதைக் கல்லறைக்கு (கழிந்த கார்டுகளின் குவியலுக்கு) அனுப்பிவிடலாம். என்ஸ்னேரிங் பிரிட்ஜ் இருப்பதால், உங்கள் கையிலுள்ள கார்டு எண்ணிக்கையைவிடப் பலம் அதிகமான கிரீச்சர் எதுவும் தாக்க முடியாது. கையைக் காலியாக வைத்துக்கொண்டால் கிரீச்சர்கள் நின்றுவிடும். எதிரி இனி நல்ல கார்டே எடுக்கமாட்டார் என்ற நிலையை உருவாக்குவதுதான் இதன் வெற்றி. 2015இல் ஓக்லஹோமா சிட்டி கிராண்ட் பிரியை சாக் எல்சிக்கும், 2018இல் பில்பாவோ புரோ டூரை லூயிஸ் சால்வாட்டோவும் இந்த டெக்கால் வென்றார்கள். எதிரியைக் கொல்வதைப் பற்றி அது கவலைப்படவே இல்லை. நீண்ட ஆட்டம் தனக்கே சொந்தம் என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டது. இந்த விளையாட்டின் மிக நேர்த்தியான சிந்தனைகளில் ஒன்றாக நான் இதை மதிக்கிறேன், எதிரே உட்கார்ந்து ஆடுவது எவ்வளவு சோர்வு தந்தாலும்.

2025 மார்ச் 4

கேள்வி கேட்டவர் தன் டெக் பட்டியலை அனுப்பியிருக்கிறார். இப்போது அவருடைய வெள்ளை நீலக் கன்ட்ரோல் ஆட்டத்துக்கு நேராக வரலாம்.

உங்கள் டெக் 2025 தொடக்கத்தில் ஸ்டாண்டர்டில் (அண்மைத் தொகுப்புகளை மட்டும் அனுமதிக்கும் ஃபார்மட்) வழக்கமாக இருந்த சிவப்பு அக்ரோ. ஹார்ட்ஃபயர் ஹீரோ என்ற கிரீச்சரைப் பெரிதாக்கித் தாக்குவது, அது செத்தால் அதன் பலத்துக்குரிய சேதம் எதிரிக்குப் போவது என்பது உங்கள் திட்டத்தின் நடுப்பகுதி. எதிரில் இருப்பவரிடம் டெம்பரரி லாக்டவுன் என்ற கார்டு இருக்கிறது: மூன்று மானாவுக்கு, 2 அல்லது அதற்குக் குறைந்த மதிப்புள்ள லேண்ட் அல்லாத எல்லாவற்றையும் களத்திலிருந்து வெளியேற்றிவிடும். வெளியேறுவது சாவதன்று, ஆகையால் ஹீரோவின் சேதமும் நிகழாது. நீங்கள் முதல் மூன்று முறைகளில் நான்கு கிரீச்சர்களை இறக்கிவிட்டு அவருடைய மூன்றாம் லேண்டுக்காகக் காத்திருப்பது போலத்தான் இப்போது ஆடுகிறீர்கள். ஒரு கார்டுக்கு நான்கு கார்டுகளைக் கொடுத்தபின் கையில் எதுவும் மிஞ்சாது. அங்கிருந்து நீண்ட ஆட்டம் அவருடையது.

முதல் ஆட்டத்தில் நீங்கள்தான் தாக்குபவர், அதில் ஐயமில்லை. ஆனால் தாக்குபவர் கையைக் காலி செய்தாக வேண்டும் என்பதில்லை. களத்தில் உள்ள இரண்டு கிரீச்சர்கள் முறைக்கு 4 அல்லது 5 சேதம் கொடுத்தால் மூன்றாவதை அவருடைய மூன்றாம் முறை கழியும்வரை கையிலேயே வைத்திருங்கள். வந்த முறையிலேயே தாக்கக்கூடிய கிரீச்சர்களைக் கடைசிக்கு வையுங்கள். லாக்டவுனுக்கு மூன்று மானாவைச் செலவிட்டு அவர் வெறுமனே நிற்கும் அடுத்த முறைதான் அவற்றுக்கு உரிய நேரம்.

அடுத்து, ஒற்றை ஆட்டத்தை விட்டு மூன்று ஆட்டப் போட்டிக்கு மாறுங்கள். உங்கள் சைட்போர்டில் அர்ப்ராஸ்க்ஸ் ஃபோர்ஜ் இரண்டு இருப்பதைப் பார்த்தேன். கன்ட்ரோலுக்கு எதிராக அவை இரண்டும் உள்ளே வர வேண்டும். கிரீச்சரை மட்டும் கொல்லும் கார்டுகள் வெளியே போக வேண்டும், ஏனென்றால் அவரிடம் அவற்றுக்கு இலக்கே இல்லை. ஃபோர்ஜின் விலை 3 மானா என்பதால் லாக்டவுன் அதைத் தொடாது. அது ஆர்டிஃபாக்ட் (கருவிக் கார்டு) என்பதால் கிரீச்சர்களை மட்டும் துடைக்கும் சன்ஃபால் கார்டும் தொடாது. ஒவ்வொரு முறையும் அது ஒரு கிரீச்சரை உருவாக்கித் தாக்க அனுப்பி முறையின் முடிவில் பலியிட்டுவிடும், அடுத்த முறை வருவது முந்தையதைவிட 1 பலம் கூடுதலாக இருக்கும். முதல் முறை 1, பிறகு 2, 3, 4, 5, 6: ஆறு முறைகளில் யாரும் தடுக்காவிட்டால் 21 சேதம்.

அது களத்தில் நின்றுவிட்டால் காலம் உங்கள் பக்கம் சேர்ந்துவிட்டது. அவசரப்பட வேண்டியவர் இப்போது அவர். ஃபோர்ஜை அகற்றும் ஒரு கார்டைத் தேடி அவர் மானாவைச் செலவிடட்டும். நீங்கள் கையிலுள்ள கிரீச்சர்களை இறக்காதீர்கள். லேண்டை மட்டும் வைத்து, ஃபோர்ஜ் உருவாக்குவதை அனுப்பி, முறையை முடியுங்கள். அவர் ஃபோர்ஜை அகற்றத் தன் லேண்டை எல்லாம் டேப் செய்யும் அந்த முறைக்கு அடுத்த உங்கள் முறையில், இதுவரை பிடித்து வைத்திருந்த கிரீச்சர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக இறக்குங்கள்.